எட்டு நாளைக்குப் பாதி

மாடிப்படியின் கடைசிப் படியில் வாழையிலைப் பொட்டலத்தை வைத்துவிட்டு, என் கணவர் இரண்டு படி கீழே இறங்கி நின்றார். பொட்டலத்திலிருந்து தேங்காய்ச் சாதத்தின் மணம் வந்தது. வறுத்த முந்திரி, தாளித்த கறிவேப்பிலை. கீழே பெண்கள் சிரித்தார்கள். கண்ணாடி வளையல்கள் தாம்பாளத்தில் உரசும் ஓசை மேலே வரைக்கும் கேட்டது.

“சூடு ஆறதுக்கு முன்னே சாப்பிடு, உமா” என்றார்.

“வளையல் போடத் தொடங்கியாச்சா?”

“இப்போ தொடங்கும்.”

“அப்போ நானும் வாறேன்.”

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். தடுப்பதுபோல இல்லை. வழி விடுவதுபோலவும் இல்லை.

“வேண்டாம், கேட்டியா. வித்யாவுக்கு இந்த நேரத்திலே நம்ம சூட்சிக்கணும். ரேடியேஷன் அல்லவா.”

சூட்சிக்கணும் என்றால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எங்கள் திருவனந்தபுரத்துத் தமிழ் பாதி மலையாளத்தில் நடக்கும். புரியாத வார்த்தை ஒன்றும் இல்லை. எனக்குப் புரியாமல் போனது அதன் பொருள் அல்ல, அதைச் சொன்ன முகம். அந்த முகம் என்னைப் பார்க்கவில்லை. இலைப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சென்ற வாரம் இந்தத் தொடரில் பள்ளி ஆய்வகத்துக் கூத்துகளைப் படித்துவிட்டு, “டீச்சர் எப்போதும் சிரித்த முகம்தான் போல” என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அன்று அந்தப் படியருகே நான் நின்ற நிலையைப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். எழுதி முடிக்கும்வரை பொறுமையாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை.

கழுத்தில் ஒரு நெல்லிக்காய்

எங்கள் வீடு சாலை என்று பெயருள்ள கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. கணவர் தாணுவும் அவருடைய தம்பி கணேசனும் சாலையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்கள். ஆணி, கொண்டி, கீல், பெயின்ட். அண்ணனுக்கும் தம்பிக்கும் வயது வித்தியாசம் அதிகம். நான் கல்யாணமாகி வந்தபோது கணேசன் அரைக்கால் சட்டை போட்ட பிள்ளை. மாடியில் நாங்கள், கீழே கணேசனும் அவன் மனைவி வித்யாவும். சமையல் ஒன்றுதான். எங்கள் மகன் வேலைக்காக வெளியூர் போய்விட்டான்.

வித்யா என் மாணவி. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடமும் கோட்டைக்குள் இருக்கும் எங்கள் பள்ளியில் என்னிடம்தான் வேதியியல் படித்தாள். அணு அமைப்பு பாடத்தில் அவளைக் கேள்வி கேட்டு மடக்க முடியாது. மற்றப் பிள்ளைகள் வாய்பாடாக ஒப்பிப்பதை அவள் யோசித்துச் சொல்வாள். கணேசனுக்குப் பெண் பார்த்தபோது அவள் பெயரைச் சொன்னதே நான்தான். உறவு முறைக்கு என்னை அக்கா என்று அழைக்க வேண்டும். இன்றுவரை டீச்சரே என்றுதான் அழைக்கிறாள்.

கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து அவளுக்குக் கர்ப்பம் தங்கியது. வீடே சந்தோஷத்தில் மிதந்தது. என் மாமியார் உயிரோடு இல்லை. அதனால் அவருடைய அக்கா, நாங்கள் பெரியம்மை என்று அழைப்பவர், வித்யாவைப் பார்த்துக்கொள்ள நாகர்கோவிலிலிருந்து வந்து தங்கினார்.

அந்தச் சமயத்தில்தான் என் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. தைராய்டு. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் என்றார்கள். “இது நல்ல வகை, டீச்சரே” என்றார் மருத்துவர். புற்றுநோயில் நல்ல வகை, கெட்ட வகை உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சுரப்பியை அறுத்து எடுத்தார்கள். உடம்பில் எங்காவது மிச்சம் ஒட்டியிருந்தால் அதை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுப்போம் என்றார்கள்.

எனக்குப் பயமாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் பயத்தோடு ஒரு சின்னக் குறுகுறுப்பும் இருந்தது. இத்தனை வருடம் கரும்பலகையில் வரைந்ததை இப்போது விழுங்கப் போகிறேன்.

கோயில் வாசலில் ஒரு நல்லமிளகு

வேதியியல் வேண்டாம் என்று நினைக்கும் வாசகர்கள்கூட இதைத் தாண்டிப் போகாதீர்கள். இது தெரியாவிட்டால் என் கோபம் தெரியாது.

வகுப்பில் நான் இப்படித் தொடங்குவேன். பழவங்காடி கணபதி கோயில் வாசலில் ஒரே ஒரு நல்லமிளகை வையுங்கள். அதுதான் அணுவின் கரு. அப்படியென்றால் எலெக்ட்ரான்கள் நடமாடும் எல்லை கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போகும். நடுவில் என்ன இருக்கிறது? பஸ் இல்லை, ஆள் இல்லை, கடலை வண்டி இல்லை. ஒன்றுமே இல்லை. ஆனாலும் அணுவின் எடை அநேகமாக முழுவதும் அந்த மிளகுக்குள்தான்.

“அப்போ கோயில்ல உடைக்கிற தேங்காய், டீச்சரே?” என்று வருடா வருடம் ஒருத்தி கேட்பாள். வருடா வருடம் நானும் சிரிப்பேன்.

கருவுக்குள் புரோட்டான், நியூட்ரான். புரோட்டான் எத்தனையோ அத்தனை எலெக்ட்ரான் வெளியே. ஓர் அணு இன்னோர் அணுவோடு சேர்வது, பிரிவது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் வெளியே இருக்கும் எலெக்ட்ரான்களின் வேலை. உள்ளே எத்தனை நியூட்ரான் இருக்கிறது என்று பக்கத்து அணு விசாரிப்பதில்லை.

தைராய்டு சுரப்பியும் விசாரிப்பதில்லை. அதற்கு அயோடின் வேண்டும், அவ்வளவுதான். உப்பில் வரும் அயோடினின் கருவில் ஐம்பத்து மூன்று புரோட்டான். மருந்து அயோடினிலும் அதே ஐம்பத்து மூன்று. ஆகவே வெளித்தோற்றம் ஒன்றுதான். சுரப்பியின் செல்கள் ஆசையாக இழுத்து வைத்துக்கொள்ளும். ஆனால் மருந்தின் கருவில் நான்கு நியூட்ரான் கூடுதல். அந்தக் கரு நிலைத்து நிற்காது. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும், ஓர் எலெக்ட்ரான் கருவிலிருந்து தெறித்துப் பாயும். அந்தப் பாய்ச்சல்தான் புற்று செல்லைக் கொல்வது. கூடவே ஒரு காமாக் கதிர் உடம்பைத் தாண்டி வெளியே போகும். பக்கத்தில் இருப்பவர்கள் சில நாள் தள்ளி இருக்க வேண்டியது அதற்காக. வியர்வை, எச்சில் வழியாகவும் கொஞ்சம் அயோடின் வெளியே வரும், அதற்காகவும்தான்.

மாறிய அணு அதன்பின் அயோடினே இல்லை. செனான் என்ற வாயு. யாரோடும் ஒட்டாது, யாரையும் தொந்தரவு செய்யாது.

எந்த அணு எந்த நிமிடம் மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கூட்டமாக எடுத்துக்கொண்டால் கணக்குப் பிசகாது. எட்டு நாளில் பாதி போய்விடும். அடுத்த எட்டு நாளில் மிச்சத்தில் பாதி. இதற்கு மருந்து கிடையாது, மந்திரம் கிடையாது, சிபாரிசு கிடையாது. சூடாக்கினாலும் குளிரவைத்தாலும் இதே வேகம்தான். உலகத்தில் இவ்வளவு நேர்மையான காரியம் வேறு எனக்குத் தெரியாது.

ஈயக் கதவு

சிகிச்சைக்கு முன்னால் கடல் மீன் கூடாது, பால் கூடாது, கடை உப்பு கூடாது. செல்களைப் பட்டினி போட்டு வைத்தால்தான் மருந்தைப் பாய்ந்து பிடிக்கும்.

ஈயம் பதித்த கதவுள்ள அறை. கனமான ஒரு சின்னக் குடுவையிலிருந்து ஒரு மாத்திரை. கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டு விலகினார்கள், கதவு மூடியது. பிறகு பேச்செல்லாம் சுவரிலிருந்த ஒலிபெருக்கி வழியாகத்தான். எச்சில் சுரப்பிகள் கெடாமல் இருக்க நாரங்கா மிட்டாய் கொடுத்திருந்தார்கள். ஆரஞ்சுச் சுளை வடிவத்தில், புளிப்பாக, பெட்டிக்கடையில் கண்ணாடி பாட்டிலில் கிடக்குமே, அதுதான். சப்பிச் சப்பி நாக்கு புண்ணாயிற்று. இரண்டாம் நாள் எல்லா ருசியும் போய், எங்கள் கடை ஆணியை வாயில் போட்டுக்கொண்டதுபோல இருந்தது.

ஒவ்வொரு நாளும் ஒருவர் வாசலில் நின்று கருவியை என் பக்கம் நீட்டி அளந்தார். எண் இறங்கியது. அந்த எண் இறங்குவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. புத்தகத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று என் உடம்பே சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது, சில வாரம் கர்ப்பிணிகளிடமிருந்தும் சின்னப் பிள்ளைகளிடமிருந்தும் விலகி இருக்கச் சொன்னார்கள். அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மருத்துவமனைக்குப் போகும் முன்பே வித்யாவை அவள் அம்மா வீட்டுக்கு, கரமனைக்கு அனுப்பிவைத்தது நான்தான். மாடியில் தனித் தட்டு, தனிக் குளியலறை, தனித் துணிக்கொடி எல்லாம் என் ஏற்பாடு. அந்த வாரங்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. அது நியாயமான விலகல்.

சிவப்புப் பொட்டு

மறுபரிசோதனையில் மருத்துவர், இனி யாரோடும் எப்படியும் இருக்கலாம், கர்ப்பிணியோடும் இருக்கலாம் என்று தெளிவாகச் சொன்னார். நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அதையே சொன்னார்.

பள்ளிக்குப் போகத் தொடங்கினேன். நெரிசல் பஸ்ஸில் போனேன். வகுப்பு நிறையப் பிள்ளைகள், ஆய்வகத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றோம். வித்யாவும் கரமனையிலிருந்து திரும்பி வந்தாள்.

வீட்டில் மட்டும் நான் மாடியிலேயே இருந்தேன்.

“ஒரு மாசம் கூடப் போகட்டும்” என்றார் கணவர். “பிள்ளைக்குப் பேடி.”

பேடி என்றால் பயம். வித்யாவுக்குப் பயம் என்றால் அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. இத்தனை வருடம் காத்திருந்த வயிறு. பயத்திடம் கணக்குப் பேசக்கூடாது என்று நானே விட்டுக்கொடுத்தேன். காலை இட்லி படிக்கட்டுக்கு வந்தது. மத்தியானக் குழம்பு படிக்கட்டுக்கு வந்தது. ஒருநாள் தட்டைக் கழுவிக் கவிழ்த்தபோது அடியில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. டம்ளரின் அடியிலும் இருந்தது. எங்கள் கடை எனாமல் பெயின்ட். கலந்துவிடக் கூடாது என்று யாரோ அக்கறையாக அடையாளம் வைத்திருந்தார்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. நல்ல பெயின்ட்.

முற்றத்தில் துணி எடுக்க வரும்போது வித்யா மாடியைப் பார்த்துச் சிரிப்பாள். நானும் கையாட்டுவேன். “எப்படி இருக்கே?” என்று சத்தமாகக் கேட்பேன். “கொழப்பமில்ல டீச்சரே” என்பாள், நன்றாக இருக்கிறேன் என்று. பயந்தவள் முகம்போல எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவுமில்லை.

வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். ஏழாம் மாதம். சாலையில் நானே போய் ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கிவந்தேன். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, விரிசல் இல்லாததாகப் பொறுக்கிக் கொடுத்தார். அன்று காலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வளையலோடு மாடியில் காத்திருந்தேன். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று.

வந்தது இலைப் பொட்டலம்.

படியிறங்கினேன்

“மாறுங்க, அத்தான்” என்றேன், விலகுங்கள் என்று.

“உமா, வெறுதே பிரச்சினை உண்டாக்காதே. ஆள்க்காரு எல்லாம் வந்திருக்கு.”

நான் பொட்டலத்தைத் தாண்டி இறங்கினேன். என் புடவை அவர் கையில் உரசியது. அவர் கையை இழுத்துக்கொண்டாரா, எனக்கு வழிவிட்டாரா, இன்றுவரை தெரியாது.

கூடத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்தி தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நடுவில் மணையில் வித்யா, கன்னத்தில் சந்தனம், இரண்டு கையிலும் பாதிவரை வளையல். பக்கத்தில் தாம்பாளத்தோடு பெரியம்மை.

“நானும் ரெண்டு வளையல் போட்டுட்டுப் போறேன்” என்றேன்.

என் பின்னால் கணவர் இறங்கி வந்தார். “ரேடியேஷன் உள்ள ஆளாக்கும், கொஞ்சம் தள்ளி…” என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தொடங்கினார். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், நாய் கடிக்காது, ஆனாலும் தள்ளி நில்லுங்கள் என்று சொல்வோமே, அந்தச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டது.

“வித்யா” என்றேன். வகுப்பில் கூப்பிடும் குரல். எனக்கே கேட்டது. “நான் முழுங்கின அயோடினுக்கு அரை ஆயுள் எவ்வளவு?”

அவள் தலை குனிந்தாள்.

“கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லு.”

“எட்டு நாள், டீச்சரே.”

“பதினாறு நாள் ஆனா?”

“கால் பாகம்.”

“பத்து தடவை பாதியாச்சுன்னா?”

“ஆயிரத்திலே ஒண்ணு.” அவள் ஒரு வளையலை உருட்டினாள். “ஆயிரத்திலே ஒண்ணுக்கும் குறைவு. உடம்பிலேருந்து வெளியே போறதையும் சேர்த்தா அதைவிட ரொம்பக் குறைவு.”

“பத்து எட்டு எத்தனை?”

“எண்பது.”

“நான் மருந்து முழுங்கி எண்பது நாள் கழிஞ்சாச்சா, இல்லையா?”

“கழிஞ்சாச்சு, டீச்சரே.”

“அப்போ என் உடம்பிலே என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லே.” அவள் கண்ணிலிருந்து நீர் சந்தனத்தில் கோடு போட்டது. “பேடிக்க ஒண்ணுமில்லே.”

கூட்டத்தைப் பார்த்தேன். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இத்தனை படித்தும் எவ்வளவு அசடாக இருந்திருக்கிறேன்.

பெரியம்மை சொன்னது

பெரியம்மை தாம்பாளத்தை மடியிலிருந்து இறக்கிவைத்தார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் கொடுமை.

“பிள்ளே, நீ வலிய படிப்பு படிச்சவ. அந்தக் கணக்கொண்ணும் எனக்கு வேண்டாம். அணுவோ கிணுவோ இருக்கட்டும், போகட்டும். வலிய தீனம் வந்த உடம்பாக்கும் உனக்கு. தலைப்பிள்ளை சுமக்கவளுக்கு அந்தக் கையாலயா வளையல் போடுகது? நீயே சொல்லு.”

வலிய தீனம் என்றால் பெரிய நோய். அந்தச் சொல் கூடத்தில் விழுந்தபோது பெண்கள் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர்களுக்கெல்லாம் முதலிலேயே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் புதிது.

“அப்போ ரேடியேஷன்?” என்று கேட்டேன்.

“அது நம்ம தாணு சொன்ன வழியாக்கும்” என்றார் பெரியம்மை.

நான் திரும்பிக் கணவரைப் பார்த்தேன்.

“மெல்லப் பேசு” என்றார்.

“நான் இன்னும் பேசவே இல்லை. நீங்க பேசுங்க.”

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். “பெரியம்மைக்கு மனசிலே ஒரு இது. பிரசவம் கழியறவரைக்கும் நீ மாறி இருந்தா நல்லதுன்னு அவங்க சொன்னாங்க. தீனம், அசுபம்னு சொன்னா நீ சண்டைக்கு வருவே. உன் குணம் எனக்குத் தெரியாதா? ரேடியேஷன்னு சொன்னா, நீயே கேட்டுக்குவே. யாருக்கும் மனசு நோவாதுன்னு…”

யாருக்கும் மனசு நோவாதாம்.

பிறகு நான் பேசியதெல்லாம் கடைத்தெருவரை கேட்டிருக்கும். கேட்கட்டும். “என் பாடத்தை எடுத்து எனக்கே பூட்டு போட்டீங்களா?” என்று கத்தியது நினைவிருக்கிறது. “தீட்டுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே கிழிச்சுப் போட்டிருப்பேன். அது தெரிஞ்சுதானே அணுன்னு சொன்னீங்க?” என்றதும் நினைவிருக்கிறது. பயப்பட்டவர்கள்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. இவர் பயப்படவில்லை. என்னுடைய நேர்மை எந்த இடத்தில் வளையும் என்று அளந்து, சரியாக அந்த இடத்தில் பிடித்து வளைத்திருக்கிறார். இருபத்தைந்து வருடம் ஒரே பாயில் படுத்த மனிதர்.

கடைசியில் வித்யாவிடம் திரும்பினேன். “உனக்குத் தெரியுமா?”

அவள் வளையல் கைகளை மடியில் ஒடுக்கிக்கொண்டாள்.

“தெரியும், டீச்சரே.”

“உனக்குப் பேடி இருந்துதா?”

“இல்லை. ஒருநாளும் இல்லை. பிரசவம் நல்லபடியா கழியட்டும், அதுவரைக்கும் வீட்டிலே பேச்சு வேண்டாம்னு நினைச்சேன்.” பிறகு அவள் கையை என் பக்கம் நீட்டினாள். “இப்போ போடுங்க, டீச்சரே.”

போடவில்லை. அந்தக் கைக்கு அப்போது வளையல் போட்டிருந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லோரும் எழுந்து இலை போட்டிருப்பார்கள். புளிசாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம். நான் பச்சை வளையல்களைத் தாம்பாளத்தில் வைத்தேன். அவள் பிள்ளை நன்றாகப் பிறக்கட்டும் என்று மனதார நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மாடிக்குப் போய்விட்டேன்.

இனி நீங்கள் மாறி இருங்கள்

அன்று மத்தியானமே கணவரின் சட்டை, வேட்டி, தலையணை, ஷேவிங் பெட்டி எல்லாவற்றையும் படியில் கொண்டுபோய் வைத்தேன். இலைப் பொட்டலம் இருந்த அதே படி. “இனி நீங்க மாறி இருங்க” என்றேன். அவர் சிரிக்கப் பார்த்தார். நான் கதவைச் சாத்தினேன்.

மாடியில் தனி அடுப்பு வாங்கி வைத்தேன். பொட்டு வைத்த தட்டையும் டம்ளரையும் பழைய பாத்திரக்காரரிடம் போட்டேன். கீழிருந்து சாப்பாடு வந்தபோது திருப்பி அனுப்பினேன். உறவுகள் தொலைபேசியில் சமாதானம் சொன்னார்கள். “பெரியவங்க, பழைய ஆள்க்காரு, விட்டுரு உமா.” பெரியம்மையை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அவர் நினைத்ததைச் சொன்னார். மறைத்தது மற்றவர்கள்.

அடுத்த வாரம் பள்ளியில் அணு அமைப்பு பாடம் வந்தது. பாடம் நடத்திய இத்தனை வருடத்தில் எனக்கு இவ்வளவு கசந்த பாடம் வேறில்லை. ஒரு பெண் எழுந்து அரை ஆயுளுக்கு வரையறை சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை.

“படிச்சது சரி. நம்புறியா?” என்று கேட்டேன்.

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. “இது பரீட்சைக்கு வருமோ, டீச்சரே?” என்றாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நாளைக்கு உன் வீட்டில் யாராவது மாத்திரை விழுங்கிவிட்டு வருவார்கள். எண்பது நாள் கழித்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாயா, மாட்டாயா? யாராவது சாப்பிடக்கூடாது என்று சொன்னால் எழுந்து நின்று மறுப்பாயா? அதுதான் பரீட்சை என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

கணவர் மழைக்காலம் முழுவதும் கீழே கூடத்தில் படுத்தார். ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு வந்து கதவருகே நின்று, “தப்பாயிப் போச்சு” என்றார். “எது?” என்று கேட்டேன். “எல்லாம்” என்றார். எல்லாம் என்பது பதிலே இல்லை, யோசித்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று அனுப்பினேன். இன்னொரு நாள் வந்தார். இந்தமுறை உட்கார்ந்து, எதை எப்போது யாரிடம் சொன்னார், ஏன் சொன்னார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவில் அழுதார். கட்டிலில் இடம் கொடுத்தேன். மனதில் முழு இடம் இன்னும் கொடுக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். இந்த அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்பும் முன் படிக்கக் கொடுத்தேன். ஒன்றும் அடிக்கச் சொல்லவில்லை.

வித்யா மாடியேறினாள்

வித்யாவுக்குக் கரமனையில் பிரசவமானது. பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல குரல் என்று கணேசன் வந்து சொல்லிவிட்டு, இனிப்பை வைத்துவிட்டுப் போனான். மருத்துவமனைக்கு நான் போகவில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை.

பெரியம்மை நாகர்கோவிலுக்குத் திரும்பினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது படியில் மெதுவான காலடி கேட்டது. பிரசவித்த உடம்பு, ஒவ்வொரு படியாக நின்று ஏறுகிறது. நான் போய்த் தாங்கவில்லை. கையில் ஈரத் துணியோடு நின்றேன்.

வித்யா குழந்தையோடு வந்தாள். பால் மணமும் வசம்பு மணமும் கலந்து வந்தன. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியைக் காட்டி, “இரிங்க, டீச்சரே” என்றாள். உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் வைத்தாள்.

கனமாக இருந்தது. தூக்கத்தில் வாய் மட்டும் எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதன் நெற்றி சுருங்கி, விரிந்தது. என் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அதன் காலைப் பிடித்தேன்.

வித்யா தரையில் உட்கார்ந்தாள். கீழே சந்தில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள்.

“நான் அன்னைக்கு முன்னாலேயே சொல்லியிருக்கணும்” என்றாள். “கணக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தது. பெரியம்மைகிட்டேயும் சொல்லியிருக்கணும், தாணு அத்தான்கிட்டேயும் சொல்லியிருக்கணும். ஒவ்வொரு நாளும் உங்க தட்டிலே சாதம் போட்டு அனுப்பினது நான்தான், டீச்சரே. போடும்போதெல்லாம் தெரியும்.”

“ஆமா” என்றேன். “சொல்லியிருக்கணும்.”

அவள் அழுதாள். குழந்தை விழித்து என்னைப் பார்த்தது. சரியாகப் பார்க்கத் தெரியாத கண்கள், என் முகத்துக்குப் பக்கத்தில் எங்கோ நின்றன.

வழக்கமாக இந்த இடத்தில் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். அவளும் அதற்காகக் காத்திருந்தாள். எனக்கும் அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “நீ கீழே போய்க் கொஞ்சம் படு. இவ இங்கே இருக்கட்டும்” என்றேன்.